முந்நூறு அடி என்று சொன்னவன்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நான் மாரப்பன், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். 'தொப்பூர்க் கணவாயில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த...' என்று தொடங்கிப் பார்த்தேன். அன்றைக்குப் பனியே இல்லை. விட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுக் கலைமதி, என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவள், போர்வெல்களைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்தவள். நான்கு வருஷத்துக்கு முன்னால் காகிதமும் பேனாவுமாக வந்து, என்னுடையது எத்தனை அடி ஆழம் என்று கேட்டாள். காகிதத்தோடு வருகிறவர்களுக்குப் பின்னால் ஓர் ஆபீஸ் இருக்கும். முந்நூறு என்றேன். எழுதிக்கொண்டாள்.

(ஆழம் தெரிந்தால், கரண்ட் ஆபீஸில் எழுதிக்கொடுத்ததைவிட மோட்டார் எவ்வளவு பெரிசு என்பதும் தெரிந்துவிடும். மோட்டாரைப் பற்றி இந்தக் கதையில் பேச்சில்லை.)

2

அந்தப் படிப்பு முடிகிற இடத்தில் 'வைவா' என்று ஒன்று வைக்கிறார்கள். வெளியூர்ப் பேராசிரியர் வந்து, எழுதியதிலிருந்து கேள்வி கேட்பார். பதில் சரியாக இருந்தால்தான் டாக்டர் பட்டம். யாரும் போய் உட்காரலாம். ஒரு மாதமாக அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூடப் பதில் சொல்லிப் பழகினாள். மாடு எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

அவள் அப்பா வேன் பிடித்துத் தெருவையே தருமபுரிக்குக் கூட்டிப்போனார். நான் போனது பெண்ணை வாழ்த்த. [மதியம் பிரியாணி என்று முன்பே தெரியும். இந்த வரியை அடித்துவிட வேண்டும்.]

பேராசிரியர் ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். ஊரே தொள்ளாயிரம், ஆயிரம் அடி போட்டிருக்க, ஒருத்தருக்கு மட்டும் முந்நூறில் தண்ணீரா? இந்த எண் தப்பென்றால் மற்றதை எப்படி நம்பிப் பட்டம் கொடுப்பது என்றார்.

கலைமதி மூன்றாம் வரிசையில் இருந்த என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

3

இங்கே இரண்டு முடிவு எழுதிக் கிழித்தேன். ஒன்றில் நான் சிங்கம் மாதிரி எழுந்து... எனக்கே சிரிப்பு வந்தது. மற்றதில் அவள் என்னைக் காட்டிக்கொடுத்தாள். அந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை. நடந்தது இதுதான்: முட்டிவலியோடு முன் நாற்காலியைப் பிடித்து எழுந்தேன்.

“அந்த ஆளு நான்தானுங்க. பொய் சொல்லிட்டனுங்க. புள்ள மேல தப்பில்லீங்க.”

“சரிங்க பெரியவரே, உண்மையில எத்தனை அடி?”

“அது உங்களுக்கு எதுக்குங்க?”

அறையே சிரித்தது. அப்போதுதான் கலைமதி அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக் காட்டினாள்: 'சொன்னவர் கூற்று அப்படியே தரப்பட்டுள்ளது. மோட்டார் பழுதாகி வெளியே எடுத்த நாளில் எண்ணியது: இருபதடிக் குழாய், நாற்பத்தேழு.'

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று பேராசிரியர் கேட்டார்.

“பெரியப்பா எதுருல உக்காந்திருக்காரு சார்.”

தேறிவிட்டாள் என்று அங்கேயே அறிவித்தார்கள். எனக்குப் பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை. [இறங்கியது. இரண்டு தடவை.]

4

நேற்று டாக்டர் கலைமதி வந்தாள். ஆராய்ச்சி புத்தகமாக வருகிறதாம். ஆழம் சொன்னவர்கள் பெயர் எதுவும் இருக்காதாம்.

“நீங்க சொல்றதத்தான் போடுவேன் பெரியப்பா. முந்நூறே இருக்கட்டுமா?”

நீங்கள் இந்நேரம் நாற்பத்தேழை இருபதால் பெருக்கியிருப்பீர்கள். குழாய் நிற்கிற இடத்துக்குக் கீழேயும் குழி போகிறது. எவ்வளவு என்று அவள் காதில் சொன்னேன். அவள் கையில் காகிதம் இருந்தது, பரவாயில்லை.

புத்தகத்தில் எண் இருக்கும், பெயர் இருக்காது. இந்தக் கதையில் பெயர் இருக்கிறது. நீங்கள் எந்த ஆபீஸ் என்று எனக்கு இன்னும் தெரியாது. அதனால் இடம் மட்டும் விட்டிருக்கிறேன். மனசுக்குப் பட்டதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மாரப்பன் போர்வெல்: ............ அடி.