அவருக்குப் பிடித்த சூப்

லண்டன் எட்மண்டனில் அந்தக் கடையின் பலகையில் தாய்லாந்துச் சாப்பாடு என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் சமைக்கிறவள் லாவோஸ்காரி என்று கமலாம்பிகை விசாரித்து வைத்திருந்தாள். விசாரிக்காமல் விடுவாளா? புருசன் பாலேந்திரா கடைசியாக டெலிபோன் எடுத்தது லாவோஸிலிருந்துதான். லண்டனுக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அங்கே இறக்கி வைத்திருந்தான்.

"இஞ்ச ஒரு சூப் தாறாங்கள், கமலா. அரிசிமா நூடில்ஸ். எங்கட கூழ் மாதிரித் தடிப்பு. லண்டனிலை தேடிப் பிடிச்சு உமக்கும் வாங்கித் தாறன்" என்றார். எல்லை கடக்க நிற்கிற மனுசன் கதைத்த கதையைப் பாருங்கள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கூடப் புறப்பட்ட ஊர்ப்பொடியன் யோகராஜா மட்டும் போன கிழமை வந்து சேர்ந்தான். "அண்ணை பின்னால வாறார், அக்கா" என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஷிப்டுக்குப் போய்வந்தாள். ஊரில் அடர்ந்த மீசை வைத்திருந்தவன் அதை மழித்துவிட்டு வந்து நின்றான். பாஸ்போர்ட் படத்துக்குப் பொருந்த வேண்டுமென்று ஏஜென்சிக்காரன் எடுக்கச் சொன்னானாம். அவள் சிரித்துவிட்டாள். வீட்டில் கோழிக்கறியைத் தொடாமல் பருப்பும் சோறுமாகத் தின்றதைக் கூச்சம் என்று நினைத்தாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டால் பிறகு என்னதான் தெரியும்?

இன்றைக்கு அவனையும் அந்தக் கடைக்குக் கூட்டி வந்திருந்தாள். இரண்டு கோப்பை சூப் வந்தது. "எப்படிக் குடிக்கிறதெண்டு நீர்தான் காட்டவேணும்" என்றாள்.

அவன் அவளுடைய கோப்பையில் தேசிக்காய் பிழிந்தான், மிளகாய்த்தூள் தூவினான், சீனியும் போட்டான். "சீனியைக் கண்டு அண்ணை முதல்நாள் முகம் சுளிச்சவர். அடுத்தநாள் தானே ரெண்டு கரண்டி போட்டார்."

அவள் ஆசையோடு குடித்தாள். புளிப்பும் உறைப்பும் இனிப்புமாக இருந்தது. அவருக்குப் பிடிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தபடி நிமிர்ந்தாள். அவனுடைய கரண்டி காய்ந்தபடியே கிடந்தது.

"நீர் குடியுமன்."

"வேண்டாம் அக்கா. கோழி போட்டிருக்கு."

"அங்கை குடிச்சனீர்தானே?"

"அப்ப குடிச்சன். இப்ப மச்சம் மாமிசம் ஏலாது."

"இப்ப ஏன் ஏலாது?"

கமலாம்பிகை அவனுடைய மேலுதட்டைப் பார்த்தாள். அரும்பி வருகிற மீசை தெரிந்தது. மீசையையும் எடுத்து மச்சத்தையும் விலக்குகிறவன் யார்? கொள்ளி வைத்தவன்தான், முப்பத்தோராம் நாள் கழியும்வரை.

"தம்பி, அவருக்குக் கொள்ளி வைச்சது நீரோ?"

யோகராஜா தலையைக் குனிந்துகொண்டான். "ஓம் அக்கா. காய்ச்சல். வேறை ஒருத்தரும் இல்லை, ஆத்தங்கரையிலை நான்தான் வைச்சன். உங்களுக்குச் சொல்ல வாய் வரேல்லை."

வாயிலிருந்த கோழித்துண்டை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கட்டின பெண்சாதி, சாவுத் துடக்கோடு இத்தனை நாளும் மச்சம் தின்றிருக்கிறாள். தன்மேலேயே வந்த அருவருப்பில் அழுகைகூட வரவில்லை. கடதாசியில் வாயைத் துடைத்தாள்.

எட்டாம் நாள், மச்சமென்றாலும் செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்காமல் விடக்கூடாது. அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் கவலை.

"எட்டுக்கு என்ன படைச்சனீர்?"

அவன் தன் முன்னால் ஆறிக்கொண்டிருந்த கோப்பையைக் காட்டினான்.

"இதைத்தான் அக்கா. ரெண்டு கரண்டி சீனி போட்டு."