காற்று இறக்காத ஃபோர்க்

வெங்கிடேஷுக்கு கொச்சி வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. ஞாயிறானால் நண்பர்களோடு மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுவான். மட்டாஞ்சேரி மாடிவீட்டுக்குச் சேறும் சகதியுமாகத் திரும்பும் சைக்கிளைக் கழுவுவது மனைவி அஞ்சனா. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை.

மூன்று வருஷம் முன்பு சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும், அழுத்தக் காற்று அடைத்த ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தது. பெங்களூருக்கு அனுப்பினால் ஒரு மாதம் ஆகும் என்றார்கள் கடையில். அஞ்சனா வீடியோ பார்த்து பால்கனியிலேயே பிரித்தாள். கடையில் வாங்கிய திருகும் சாக்கெட், ஃபோர்க் உச்சியின் மெல்லிய அலுமினிய மூடியில் வழுக்கியது. பள்ளுருத்தி லேத்துக்காரர் பாபுச் சேட்டனிடம் கொடுத்து சாக்கெட்டின் வாயைத் தட்டையாகச் சீவி வாங்கினாள். எண்ணெய் சீல் என்ற ரப்பர் வளையத்தைக் கோணாமல் இறக்க ஒரு நைலான் கட்டையும் அவரிடமே கடைந்து வாங்கினாள். ஏறி இறங்கும் சீட் போஸ்ட்டைக் கீறல் விழாமல் பிடிக்க மெத்தென்ற கிடுக்கி, காற்றடிக்கச் சின்னப் பம்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

பிறகு நண்பர்களின் வண்டிகளும் வந்தன. "வெங்கிடேஷ் எல்லாம் ஆத்துலயே பண்ணிடறான்" என்று பேச்சு பரவியது. அவன் மறுக்கவில்லை. அவளும் முதலில் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு சைக்கிள் கிளப், ஃபோர்க்கைப் பிரித்துச் சேர்ப்பது பற்றி வகுப்பு எடுக்க அவனை அழைத்தது. முந்தின நாள் அஞ்சனா இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். அவன் பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வகுப்புக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். மேஜையில் நண்பன் சங்கர்ராமின் ஃபோர்க். வெங்கிடேஷ் சாக்கெட்டை மூடிமேல் வைத்தான்.

"முதல்ல காத்தை எறக்குங்கோ" என்றாள் அஞ்சனா, பின்வரிசையிலிருந்து.

அவன் சிரித்தான். "நான் பண்றதைப் பாத்துப் பாத்து இவளுக்கும் கொஞ்சம் தெரிஞ்சுபோச்சு. காத்தெல்லாம் எறக்கியாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில் அவன் வால்வை ஒரு நொடி அழுத்தியதோடு சரி. மூன்றாவது திருகலில், உள்ளே மிச்சமிருந்த காற்றின் வேகத்தில் மூடி தெறித்து அவன் கண்ணுக்குக் கீழே அடித்தது.

துண்டை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியது அவள்தான். கண் தப்பியது, கன்ன எலும்பில் விரிசல் என்றார் டாக்டர். கட்டிலைச் சுற்றி நின்ற நண்பர்களிடம் வெங்கிடேஷ் சொன்னான்: "காத்தை எறக்கி வைன்னு காலம்பறயே இவகிட்ட சொன்னேன். மறந்துட்டா."

அஞ்சனா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சங்கர்ராமின் மனைவி ஸாதனா மட்டும் அவள் தோளைத் தட்டி, "போட்டும், யாருக்கும் தப்பு வரும்" என்றாள்.

பத்து நாள் கழித்து சங்கர்ராம் அஞ்சனாவுக்குப் போன் செய்தான்.

"ஃபோர்க் ரெடியா? அடுத்த வாரம் வாகமண் மலைக்குப் போறோம்."

"அவர்கிட்ட கேளுங்கோ. அவர்தானே பண்றது."

"நீங்கதான் பண்றேள்னு எங்க எல்லாருக்கும் ஆரம்பத்துலேருந்தே தெரியுமே. அவன் நகத்துல ஒருநாளாவது அழுக்கு பாத்திருக்கோமா?"

"ஆஸ்பத்திரியில நீங்களும்தானே இருந்தேள்?"

"அடிபட்டுக் கிடக்கறவன்கிட்ட என்னன்னு சொல்றது... அது உங்காத்து விஷயம் இல்லையா?"

"வந்து எடுத்துண்டு போங்கோ."

சாயங்காலம் வந்தவனிடம் இரண்டு துணிப்பைகளைக் கொடுத்தாள். ஒன்றில் ஃபோர்க்கின் கால்கள். மற்றதில் தண்டு, திருகுகள், பிரிக்காத புது சீல் பொட்டலம்.

"இதை யார் சேர்க்கறது?"

"கிளாஸுக்கு வந்திருந்தேளே" என்றாள்.

அவன் படியிறங்கிப் போனான். கன்னத்தில் பிளாஸ்திரியோடு வெங்கிடேஷ் உள்ளேயிருந்து வந்தான். "இனிமே ஒருத்தனும் வண்டி கொண்டுவர மாட்டான். சந்தோஷமா உனக்கு?"

அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.