வியாழக்கிழமை மடலில் ஒரு திருத்தம்

"நீ ஆடவே மாட்டியா? ஒரே ஒரு தடவைகூட?" என்று டுவேன் கேட்டான்.

"வீட்ல ஒருத்தராவது தெளிவா இருக்கணும்ல," என்றாள் மார்லா.

"அப்ப நான் தெளிவா இல்லையா?"

"நீ ருசி பாக்கிற ஆளு. நான் பரிமாறுற ஆளு. ரெண்டையும் ஒருத்தரே செஞ்சா சட்டி காலியாயிடும்."

வாயில் பெப்பரோனி இறைச்சி உருண்டையோடு அவன் சிரித்தான். "சரிங்க எடிட்டரம்மா!"

சூதாட்டத் தளங்களைப் பற்றிய மின்மடலைத் தொடங்கிய வாரம் இதே சமையலறையில் நடந்த பேச்சு அது. ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் மூன்றாவது சுற்று ஆட்குறைப்பில் டுவேனுக்கு வேலை போயிருந்தது. மார்லா ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் புகார்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். பொடி எழுத்தில் ஒளித்துவைத்திருக்கும் நிபந்தனையைக் கண்டுபிடிப்பது அவளுக்குக் கைவந்த கலை. எரி என்ற அவர்கள் ஊரின் குளிரில் ஆறு மாதம் வீட்டுக்குள் கிடக்கும் ஜனங்கள் கைப்பேசியில் சூதாடத் தொடங்கிய காலம். அவர்களுக்காக யாராவது எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மடல் ஓடத் தொடங்கியதும் காப்பீட்டு வேலையை விட்டாள்.

எந்தச் சூதாட்டத் தளம் ஜெயித்தவருக்குப் பணத்தை எத்தனை நாளில் கொடுக்கிறது, இலவசம் என்று நீட்டுகிற போனஸை எத்தனை முறை பந்தயத்தில் சுழற்றினால் கையில் எடுக்கலாம், போன வாரம் எந்த விதியைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள், இவ்வளவுதான் மடல். வெள்ளிக்கிழமை சம்பளம் வரும் என்பதால் வியாழன் காலையிலேயே அனுப்பிவிடுவார்கள். சூதாட்டக் கம்பெனிகளிடம் விளம்பரம் வாங்குவதில்லை. வாசகர்கள் கட்டும் மாதச் சந்தாவில்தான் வீட்டுக்கடனும் மகள் கெண்ட்ராவின் கல்லூரியும் ஓடின. அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

எழுதுவது மார்லா. சோதிப்பது டுவேன். கீழ்த்தளத்து அறையில் உட்கார்ந்து கணக்குத் திறப்பான், பணம் போடுவான், ஆடுவான், பணத்தை எடுக்க விண்ணப்பிப்பான், அது வங்கிக்கு எப்போது வந்தது என்று மேலே வந்து சொல்வான். "இது ஆட்டம் இல்ல மார்லா, வேலை," என்பான். முதல் இரண்டு வருடம் அது உண்மையாகத்தான் இருந்தது. பிறகு சாப்பிடக் கூப்பிட்டால் வருவதற்கு நேரமாயிற்று. கெண்ட்ரா போன் பண்ணினால்கூட, "அப்புறம் பேசுறேன் கண்ணு," என்று வைத்தான்.

வாசகர்களிடமிருந்து வாராவாரம் வரும் கேள்வி ஒன்று உண்டு. மனைவிமார் எழுதுவார்கள், சில சமயம் அம்மாமார். 'மாநிலத் தடைப் பட்டியலில் என் கணவர் பெயரை நான் சேர்க்க முடியுமா? சேர்த்தால் எந்தத் தளமும் அவரை உள்ளே விடாதாமே?' மார்லா ஒவ்வொருத்திக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவாள். முடியாது, அவரவர்தான் தம் பெயரைக் கொடுக்க வேண்டும், ஒரு வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ கொடுக்கலாம், கொடுத்தபின் நடுவில் வாபஸ் வாங்க முடியாது.

அதைத் தட்டச்சு செய்து முடித்ததும் கீழ்த்தளத்துக் கதவைப் பார்ப்பாள். இரண்டு வருடமாக அவனிடம் கேட்க அவளுக்கும் இதே வேண்டுகோள் இருந்தது. எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். படியில் பாதி இறங்குவாள். அவன் பெயர் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டால் சோதிக்க ஆளில்லை. சோதனை இல்லாவிட்டால் மடல் இல்லை. மடல் இல்லாவிட்டால் வீடு இல்லை. "காபி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி ஏறுவாள்.

இந்தப் பனிக்காலத்தில் புளூ ஹெரான் என்ற புதுத் தளம் வந்தது. பணம் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று டுவேன் சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்று மடல்களில் தொடர்ந்து அதைத் தவிர்க்கும்படி மார்லா எழுதினாள். ஆல்டூனா என்ற ஊரிலிருந்து பெர்னிஸ் என்ற நர்ஸ் பதில் போட்டாள். 'எனக்கு மறுநாளே வந்துச்சு. எங்க அண்ணனுக்கும் வந்துச்சு. உங்க ஆளு தூங்குறாரா என்ன?' அவளைத் தொடர்ந்து இன்னும் சிலர் அதையே எழுதினார்கள்.

செவ்வாய்க்கிழமை டுவேன் தன் அம்மா வீட்டு வாசலில் பனி அள்ளப் போயிருந்தான். மார்லா தன் பெயரில் புளூ ஹெரானில் கணக்குத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. கொஞ்சமாகப் பணம் போட்டு, சின்னச் சின்னப் பந்தயமாக ஆடினாள். கொஞ்சம் ஜெயித்தாள். உடனே பணத்தை எடுக்க விண்ணப்பித்தாள்.

'உங்கள் பணம் பரிசீலனையில் உள்ளது' என்று சின்ன எழுத்தில் வந்தது. அதற்குக் கீழே திரையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பச்சைப் பொத்தான். 'ரத்து செய்து ஆட்டத்தைத் தொடருங்கள்.' மூச்சு விடுவதைப் போல அது பெரிதாகிச் சிறிதாகிக்கொண்டிருந்தது. இந்தப் பொத்தானைப் பற்றி அவளே எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். பார்க்காதீர்கள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள் என்று. இப்போது அவளும் கணினியை மூடிவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். பாதிக் கிழங்கில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி திறந்து பார்த்தாள். எதற்காகத் திறந்தோம் என்று அவளுக்கே புரியவில்லை. பயந்து மூடினாள்.

மறுநாள் மதியம் வங்கியிலிருந்து செய்தி வந்தது. பணம் வந்து சேர்ந்துவிட்டது.

டுவேன் கடைக்குப் போய்விட்டு வந்து வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"புளூ ஹெரான் பணம் வந்துடுச்சு," என்றாள்.

"எது?"

"என்னோடது."

"நீ ஆடினியா?" அவன் சிரித்தே விட்டான். "ஐயோ, எடிட்டரம்மாவே கெட்டுப்போயிட்டாங்களே! எங்க போய்ச் சொல்றது இதை?"

"ஒரு நாள்கூட ஆகல டுவேன்."

"புது ஆளுன்னா சீக்கிரம் குடுப்பாங்க. தூண்டில்ல புழு மாட்டுற மாதிரி."

"நீயும் அங்க புது ஆளுதானே? பெர்னிஸுக்கும் மறுநாளே வந்துச்சு."

"யாரு பெர்னிஸ்?"

"எத்தனை தடவை ரத்து பண்ணின?"

ஒரு பூட்ஸைக் கழற்றியவன் இன்னொன்றைக் கழற்றவில்லை. பனி உருகித் தரையில் ஓடியது. அவள் வழக்கமாகத் துணி எடுத்து வருவாள். இன்று எடுக்கவில்லை.

"முதல் தடவை சும்மாதான்," என்றான். "அந்தப் பொத்தான் வேலை செய்யுதான்னு பாத்தேன். அதுவும் டெஸ்ட்தானே?"

"அப்புறம்?"

"ஆடினேன், தோத்தேன். மறுபடி போட்டேன், ஜெயிச்சேன், எடுக்கக் குடுத்தேன். உக்காந்து அதையே பாத்துட்டிருந்தேன். நீ மேலேர்ந்து வந்துச்சான்னு கேட்ட. வரலைன்னேன். நீ எழுதிட்ட."

"ஆமா. நான் எழுதிட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "கெண்ட்ரா காலேஜ் பணம்?"

"அதைத் தொடல." கழற்றாத பூட்ஸைப் பார்த்துக்கொண்டே, "பாதியைத் தொடல," என்றான்.

இவனை மார்லாவுக்குத் தெரியும். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கிய மனிதன். அடுத்தவன் காசில் ஒரு காபி குடிக்கக் கூச்சப்படுகிறவன். அதே முகம்தான் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுடேன்," என்றான். "ஒரே ஒரு வரி. யாரு கேக்கப் போறா?"

அவள் கணினி முன் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். முடித்ததும் வாசித்துக் காட்டினாள். "புளூ ஹெரான் பற்றி மூன்று வாரங்களாக நாங்கள் எழுதியது தவறு. அவர்கள் பணத்தைத் தாமதிக்கவில்லை. எங்கள் சோதனையாளர் விண்ணப்பத்தை ஒவ்வொரு முறையும் தானே ரத்து செய்துவிட்டு ஆடியிருக்கிறார். அவருடைய மற்ற சோதனைகளையும் நம்ப வேண்டாம். மன்னிக்கவும்."

"பேரைப் போடாத மார்லா."

"போடல."

"எங்கம்மா இதைப் படிக்கிறா."

"அவங்களும் ஆடுறாங்களா?"

"இல்ல. மகனோட வேலைன்னு படிக்கிறா." "இதை அனுப்பினா ஒருத்தன் மிஞ்ச மாட்டான். வீட்டுக்கு என்ன பண்ணுவ?"

"தெரியல."

மறுநாள் காலை போக வேண்டிய மடலை அப்போதே அனுப்பினாள். மடல் போயே போய்விட்டது. சில நிமிடங்களிலேயே பதில்கள் விழத் தொடங்கின. அவள் எதையும் திறக்கவில்லை.

"இப்ப என்ன?" என்றான் டுவேன். "போகச் சொல்றியா?"

ஒற்றைப் பூட்ஸோடு நின்றவனை அவள் பார்த்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்து மேசையோடு ஒட்டிப் போட்டாள். மாநிலத் தடைப் பட்டியலின் பக்கத்தைத் திரையில் திறந்தாள்.

"உக்காரு," என்றாள். அவன் உட்கார்ந்தான்.

"இதை நான் உனக்காகச் செய்ய முடிஞ்சிருந்தா எப்பவோ செஞ்சிருப்பேன். முடியாது. நீயே செய். அந்தப் பட்டியல்ல உன் பேரைப் போடு டுவேன். ஒரு வருஷம் இல்ல, அஞ்சு வருஷம். இப்பவே, என் கண்ணு முன்னாடி."