பீப்பாய்க்குள் வெந்த மிலாறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரு காலத்தில் கொழுந்து எடை போட்ட, இப்போது பாழடைந்த மடுவக் கொட்டகையில் நானும் என் வீட்டுக்காரர் திலக்ஷனும் ஓர் இரும்புப் பீப்பாய் வைத்திருந்தோம். செடியை மட்டம் தட்டும் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியை மிலாறு என்போம். அதைப் பீப்பாய்க்குள் அடைத்து, காற்றுப் புகாமல் மூடியைக் களிமண்ணால் பூசி, வெளியே தீ மூட்ட வேண்டும். உள்ளே குச்சி எரியாது, வெந்து ஆவியாகும். ஆவி குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் போய், குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டும். பீப்பாயில் குழாயை வெல்டிங் வைத்து ஒட்டியவர் அவர். இதைக் கற்க வீடியோ பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தன் கண் முன்னால் எரிந்தால் மடுவம் எங்களுக்கு, ஃபேக்டரி அடுப்புக்கும் எங்கள் எண்ணெய்தான் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். எரியாவிட்டால் மடுவத்தில் உர மூட்டை அடுக்குவார்களாம். எனக்கோ அதோடு லீவு முடிகிறது. எண்ணெய் விற்று இங்கேயே பிழைக்க வழியில்லாமல் திங்கட்கிழமை கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா கார்மென்ட் வேலைக்குப் போனால் தீபாவளிக்குத்தான் மகளைப் பார்க்கலாம். போன முறை வந்தபோது என்னைப் பார்த்து "ஆன்ட்டி" என்றாள்.

ஞாயிறு காலை மடுவத்துக்குப் போனால், வெயில் கண்டபோதெல்லாம் காயவைத்து வாசலில் அடுக்கியிருந்த மிலாறைக் காணோம்! மழையில் நனைந்த கட்டுத்தான் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதையே வேகவைத்தோம். துரை வந்தார். சொட்டியதில் சாக்குத் துணியைத் தோய்த்து நெருப்பு வைத்தேன். புஸ்ஸென்று அணைந்தது.

"இது தண்ணி தானே?" என்றார் துரை.

"ஈர மிலாறுங்க சார். காஞ்சத யாரோ தூக்கிட்டாங்க. இன்னொரு தடவ பாக்க விடுங்க."

"சரி, அந்திக்கு வாறேன். அதுதான் கடைசி."

நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன். மீனம்மா அக்கா வீட்டு அடுப்பில் என் மிலாறு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"யாரடி கேக்கணும்? கவ்வாத்து மிலாறு கெடந்தா ஆளாளுக்குத் தூக்கிட்டு வர்றதுதானே? நீயும்தான் தூக்கியிருக்க. லயமே பங்கு போட்டுக்கிட்டோம்."

உண்மைதான். நானும் தூக்கியிருக்கிறேன். சண்டை போட வந்த வாய் அப்படியே அழ ஆரம்பித்தது.

"அந்திக்கு எண்ணெ எரியலன்னா நாளைக்கு நான் பஸ் ஏறணும்க்கா. எம் புள்ளைக்கே என்னையத் தெரியல."

மீனம்மா அக்கா கையிலிருந்த ஊதுகுழலைக் கீழே போட்டார். பலகையில் ஏறி, அடுப்புக்கு மேலே பரணில் மழைக்கென்று வைத்திருந்த கட்டை இழுத்தார். புகை குடித்துக் குடித்துக் கறுத்த மிலாறு. ஒன்றை ஒடித்தார். டக்கென்று முறிந்தது.

"கூறுகெட்டவளே, மொதல்லயே சொல்றதுக்கு என்னா? ஏய், எல்லாரும் பரண்ல கெடக்குறத எறக்குங்கடி!"

"மழைக்கு என்னா செய்வீங்க?"

"ஈர வெறகுல ஊதிக்கிறோம். நீ நட."

தலையில் கட்டோடு லயமே மடுவத்துக்கு ஏறியது. அம்மாடி, அந்தக் காய்ந்த மிலாறு செய்த வேலை! சொட்டு கறுப்பாக, கெட்டியாக விழுந்தது. குழாய் நுனியில் மிஞ்சிய ஆவிக்குத் திலக்ஷன் தீக்குச்சி காட்டினார். அது குப்பென்று பிடித்துக்கொண்டது. பெண்கள் கூச்சல் போட்டதில் பக்கத்து மலையில் நாய் குரைத்தது.

அந்திக்குத் துரை வந்தார். மேலே நின்ற தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய கறுப்பில் துணியைத் தோய்த்தேன். தீ வைத்தேன்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஆளுயரத்துக்கு எழுந்தது தீ. "அம்மோ!" என்று துரை பின்னால் குதித்தார். மீனம்மா அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினார். திலக்ஷன் விசிலடித்தார், அந்த மனுசனுக்கு விசில் வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். துரை சிரித்துக்கொண்டே மடுவத்துச் சாவியை என் கையில் வைத்தார்.

திலக்ஷனோடு வீட்டுக்கு ஓடி மகளைத் தூக்கப் போனேன். தலை முதல் கால் வரை கரியும் புகை வாடையுமாக இருந்தேன்.

"சீ, நாத்தம்!" என்று அவள் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. இன்றைக்கு அவள் என்னிடம் வராவிட்டால் போகட்டும், நாளைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.