சீட்டின் உயரம்

அவளுடைய சைக்கிளைக் காரின் பின்சீட்டில் சாய்த்து வைத்து சைக்கிள் கடைக்கு எடுத்துப்போனேன். கழற்றிய முன்சக்கரம் மச்சினன் மடியில். டயர் மண் பேண்டில் ஒட்டுகிறது என்று வழியெல்லாம் முனகினான்.

முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் போட்டி, ஒரே நாளில். அதற்குப் பேர் கொடுத்தவள் என் மனைவி. பயிற்சியெல்லாம் முடித்திருந்தாள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. போய்விட்டாள். கட்டணத்தைத் திருப்பித் தருவதாகப் போட்டிக்காரர்கள் எழுதினார்கள். வேண்டாம், அவள் இடத்தில் நான் ஓட்டுகிறேன் என்று பதில் போட்டேன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அவள் சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

கடைக்காரரிடம், சீட்டுக்கு நீளமான கம்பி போட்டுத் தரச் சொன்னேன். கால் அளவு கேட்டார். எழுபத்திரண்டு சென்டிமீட்டர் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், அது உங்க கால் இல்ல."

அவளுடையது. அளவெடுத்த அன்று படுக்கையறைச் சுவரில் முதுகை ஒட்டி, தொடைகளுக்கு நடுவே தடிமனான புத்தகம் ஒன்றை இறுக்கிக்கொண்டு நின்றாள். நான் தரையில் மண்டியிட்டு டேப் பிடித்தேன். சிரிக்காதே, அளவு மாறுகிறது என்று அதட்டினேன். அந்த எண் தங்கிவிட்டது. என் காலை நான் அளந்ததே இல்லை.

கடைக்காரர் அளந்தார். எண்பத்து மூன்று. கம்பியை ஏற்றலாம், ஆனால் ஃப்ரேம் சின்னது, முட்டி ஹேண்டிலில் இடிக்கும் என்றார். "ஐம்பது கிலோமீட்டர் போவீங்க. முந்நூறு முடிக்க மாட்டீங்க."

சொல்லிக்கொண்டே கம்பியைக் கழற்றக் குனிந்தார். அதில் தன் சீட் உயரத்துக்கு அவள் நகச்சாயத்தில் ஒரு கோடு போட்டிருந்தாள். என் கை சீட்டின் மேல் போய்விட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு வேறு வண்டி காட்டட்டுமா என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

மச்சினன் பளபளவென்று ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினான். பார்க்க நன்றாக இருக்கும், முதுகை ஒடித்துவிடும் என்றார் கடைக்காரர். ஹேண்டில் கொஞ்சம் உயரமாக, டயர் கொஞ்சம் அகலமாக, மேட்டுக்கு லேசான கியரோடு ஒரு சாம்பல் நிற வண்டியை அவரே எடுத்துவந்தார். ஏறி உட்கார்ந்தேன். உடம்பு எங்கும் இடிக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. சரி என்றேன். பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை, கையுறை, ஹெல்மெட். எல்லாம் என் அளவில்.

திரும்பினால், மச்சினன் முன்சக்கரத்தை மாட்டி, அவள் சைக்கிளில் ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இவருக்கே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கே" என்றார் கடைக்காரர்.

அவன் முகம் போன போக்கு. அவனைக் கட்டை என்றுதான் அவள் கூப்பிடுவாள். அக்காவைவிட ஒரு விரல் உயரம் என்று இவன் சாதிப்பான். முதுகோடு முதுகு வைத்து நிற்க மட்டும் ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"அக்காவுக்குத் தெரிஞ்சா, இதைச் சொல்லியே என்னைச் சாகடிச்சிருப்பா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. கடைக்காரர் ஏதோ எடுக்க உள்ளே போனார்.

அவன் பெடலைக் கீழே இறக்கிக் குதிகாலை வைத்துப் பார்த்தான். கால் நேராக நின்றது.

"மாமா, சீட்டைத் தொட வேண்டியதே இல்ல."

"ம்."

"நானும் பேர் கொடுக்கட்டா? மெதுவாத்தான் வருவேன். கிண்டல் பண்ணக் கூடாது."

போட்டிக்குப் பேர் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. நான் குனிந்து அவள் பின்விளக்கை அழுத்தினேன். எரியவில்லை. கடைக்காரர் சார்ஜ் ஏற்றித் தந்ததும் எரிந்தது. விடியற்காலைப் பயிற்சிகளில் ஸ்கூட்டரில் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பின்னால் போவேன்.

"நீ முன்னாடி போ" என்றேன். "நான் பின்னாடி வர்றேன்."