கத்திக்குப் படுத்தவன்

பாரிஸில் பேருந்துக்கு நின்றபோது, என் கண்முன்னே ஒருவன் இன்னொருவனைக் கத்தியால் குத்தினான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஓடினார்கள். நான் மட்டும் தெருவில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். வந்த அம்புலன்ஸ்காரர் முதலில் என்னைத்தான் தூக்கப் பார்த்தார்கள். பிறகு பத்து வாரமாக ஒரு மனநல மருத்துவர், நித்திரை வருகிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

2011இல் மன்னார்க் கரையோரத்து எங்கள் ஊருக்குப் போனபோது இதை அன்ரோனெற் அக்காவிடம் சொன்னேன். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து மீளக்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்தவள், வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"விசரா, ஷெல்லுக்குத்தான் படுக்கிறது. கத்திக்கு ஓட வேணும். இது தெரியாமலோ வெளிநாட்டில இருக்கிறாய்?"

"உங்களை ஒருத்தரும் நித்திரை வருகுதோ எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவை, எத்தினை தகரம் வேணுமெண்டு."

அந்த நேரம் மாதா கோயில் திருநாளுக்கு வெடி கொளுத்தினார்கள். நான் கதிரையிலேயே இருந்தேன். பத்து வார வைத்தியம் வீண்போகவில்லை. அக்காவைத்தான் காணவில்லை. குனிந்து பார்த்தால், மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தாள். கையிலிருந்த தேத்தண்ணி ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"வெடிதானே அக்கா, எழும்புங்கோ."

"தெரியும்டா. ரெண்டாவதும் விழட்டும்."