கரும்பு வயலில் ஆப்பிரிக்கப் பாம்பு

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிச் செருப்புக் கடை வைத்திருந்தவர் ஜான் பாஷா. காலையில் கடையைத் திறந்து, வாசலில் நீர் தெளித்து, சாம்பிராணி போட்ட கையோடு கைப்பேசியை எடுத்துவிடுவார். மடகாஸ்கரில் நீண்ட விரலால் மரத்தைத் தட்டிப் புழு தேடும் விலங்கு, ஆஸ்திரேலியாவில் முட்டையிட்டும் குட்டிக்குப் பாலூட்டும் பிளாட்டிபஸ் என்று உலகத்து விசித்திரப் பிராணிகள் யாவும் அவருக்கு அத்துப்படி. ஊரில் எவர் எதைக் கண்டாலும் படம் பிடித்து அவருக்கே அனுப்புவர். சொல்லியனுப்பிய தேநீர் வந்து சேருமுன் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட பந்தயம். அதில் ஒருநாளும் தோற்றதில்லை என்றே எண்ணியிருந்தார்.

மார்கழிப் பனி விலகாத ஒரு காலையில், கோமுகி அணைப் பக்கத்து விவசாயி கொளஞ்சியப்பன் ஒரு படம் அனுப்பினார். அவருடைய வயலில் ஆலைக்குக் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர். காய்ந்த கரும்பிலைச் சோகைக்கு அடியில் தடித்த பாம்பொன்று பந்துபோலச் சுருண்டு கிடந்தது. தலை தெரியவில்லை. பழுப்பு உடலில் வட்ட வட்டமாய்க் கருந்திட்டுகள். வெளிநாட்டுப் பிராணிகளை ஆசைக்கு வாங்கி வளர்ப்போர், அலுத்தபின் நெடுஞ்சாலையோரம் விட்டுவிடுகிறார்கள் என்று முந்தின வாரந்தான் ஒரு காணொளி பார்த்திருந்தார் ஜான் பாஷா. நெஞ்சு துள்ளிற்று.

“அண்ணே, இது ஆப்பிரிக்கா பந்து மலைப்பாம்பு! விஷம் கெடையாது. கையாலயே எடுக்கலாம். அடிச்சிடாதீங்க, கோணியில போட்டு வைங்க” என்று குரல் பதிந்து அனுப்பினார். ஊரார் பலர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும் அந்தப் படத்தைப் போட்டு அதையே எழுதினார். தேநீர் அப்போதுதான் வந்தது.

ஒரு வாய் குடிப்பதற்குள் கொளஞ்சியப்பனிடமிருந்து காணொளி வந்தது. கரும்பு வெட்டும் செல்லியம்மாள் கோணியை விரித்துக்கொண்டு பாம்பை நெருங்குகிறாள். குக்கர் ஆவி விடுவதுபோல் ஒரு சீறல் ஓயாமல் கேட்கிறது. பாம்பின் சுருள் சற்றே அவிழ்ந்திருந்தது. முதுகில் சங்கிலி கோத்தாற்போல் மூன்று வரிசைத் திட்டுகள், முக்கோணத் தலை.

கண்ணாடி விரியன்.

உள்ளூர் வரப்பில் எந்நாளும் காணும் பாம்பு. ஆப்பிரிக்காவை எதிர்பார்த்த கண்ணுக்கு அது தெரியாமற்போயிற்று. அவர் அழைத்தார், கொளஞ்சியப்பன் எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார். பிறகு கடையைத் திறந்தபடியே விட்டு வண்டியைக் கிளப்பினார். சாலையை அடைத்துக்கொண்டு ஒரு கரும்பு டிராக்டர் ஊர்ந்தது. வாய்க்கால் கரையில் வண்டியை இறக்கி, விழுந்துவிடாமல் எப்படியோ வயலை அடைந்தார்.

“செல்லியம்மா! தொடாத! வுட்டுடு!”

சோகைக்குள் நழுவி நழுவிப் போக்குக் காட்டிய பாம்பை அப்போதுதான் கோணியோடு பற்றியிருந்த அவள் திரும்பினாள். “இன்னா பாய் இவ்ளோ அவசரம்? உங்க ஆப்பிரிக்காவ நான் ஒண்ணும் கொழம்பு வெச்சிட மாட்டேன்!”

மற்றப் பெண்கள் சிரித்த அந்தக் கணத்தில் பாம்பு பாய்ந்தது. அவள் கையை உதறினாள். அது சோகைக்குள் விழுந்து மறைந்தது.

சோகை கிழிக்காமலிருக்கக் கரும்பு வெட்டும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை அணிவது வழக்கம். செல்லியம்மாளின் சட்டைக்கை நுனியில் பாம்பின் வாய் பட்ட ஈரம் இருந்தது. அதைச் சுருட்டிப் பார்த்தார்கள். முன்கை நெடுகச் சோகைக் கீறல்கள். பழையவை, புதியவை, இரத்தம் பொடித்தவை. அவற்றுள் பல் பட்டது எது என்று எவராலும் சொல்ல இயலவில்லை.

“எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டுக்கினு வந்துடலாம்” என்றார் ஜான் பாஷா.

“சோகை கீறினதுக்கு ஊசியா? லோடு நிக்குது பாய். நீங்கதான விஷமில்லன்னீங்க?” அவள் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டாள்.

“அதான? பாய் சொன்னா தப்பாவுமா?” என்றார் கொளஞ்சியப்பன்.

தாம் சொன்ன சொல்லே அவளை மறித்து நிற்பதை ஜான் பாஷா கண்டார். அதை அகற்ற அவரால் மட்டுமே முடியும்.

“தப்பு அண்ணே. தலையப் பாக்காமலே சொல்லிட்டேன். அது கண்ணாடி விரியன்.”

கத்தி கீழே விழுந்தது. “விரியனையா என்ன கையால புடிக்கச் சொன்னீங்க?” என்று கேட்டாள் செல்லியம்மாள். கொளஞ்சியப்பன் எல்லோரையும் வயலைவிட்டு வெளியேறச் சொல்லிக் காரை எடுக்க ஓடினார்.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் அவள் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அது உறைகிறதா என்று பார்க்க அப்படியே நிறுத்தி வைத்தார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியது உறுதி. செல்லியம்மாள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ஜான் பாஷா கதவருகே நின்றார். உட்காரத் தோன்றவில்லை. நெடுநேரம் கழித்துச் செவிலி குழாயைச் சாய்த்துக் காட்டினார். இரத்தம் உறைந்திருந்தது.

“இப்போதைக்கு நல்லா இருக்கு. நாளைக்கு வரைக்கும் இங்கியே இருக்கணும், திரும்பத் திரும்பப் பாக்கணும்” என்றார்.

வெளியே வந்ததும் கொளஞ்சியப்பன் தாழ்ந்த குரலில் சொன்னார்: “குரூப்புல போட்டத அழிச்சிடுங்க பாய். நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

ஜான் பாஷா குழுவைத் திறந்தார். பாராட்டுகள் வரிசையாய் வந்திருந்தன. அவற்றின் கீழே, மணலூர்பேட்டைப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவர், “எங்க வயல்லயும் இதேமாரி கீது பாய், புடிச்சி வெக்கட்டுமா?” என்று கேட்டிருந்தார். அவரை உடனே அழைத்து, தொட வேண்டாம் என்று இருமுறை சொல்லி, அவர் சரி என்றதைக் கேட்டபின்பே ஜான் பாஷா மூச்சுவிட்டார்.

“அழிச்சா, படிச்சவங்களுக்குத் தப்புன்னு தெரியாது அண்ணே” என்றார். “நான் தப்பா சொல்லிட்டேன்னு எம் பேர் போட்டே எழுதறேன்.”